மூட்டுவலிக்காரர் வீட்டுக்கு எந்த உரத்தொட்டி?

உரத்தொட்டி விற்பவர்கள் சமையலறைக் கழிவைப் போட்டுக் காட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து உரத்தை எப்படி வெளியே எடுப்பது என்று கேளுங்கள். குனிய முடியாதவருக்குத் தொட்டியின் லட்சணம் அங்கேதான் தெரியும்.

மூன்றடுக்கு மண்பானை பார்க்க அழகு, மண் மூச்சு விடுவதால் நாற்றமும் குறைவு. ஆனால் மேல்பானை நிறைந்ததும் இறக்கி, அடுத்ததை ஏற்ற வேண்டும். ஈரக்கழிவோடு பத்து கிலோ இருக்கும். நழுவினால் பானையும் போச்சு, காலும் போச்சு. மண்தான் வேண்டுமென்றால் மண்பாண்டத்துக்குப் பேர்போன நெல்லைச்சீமைக் காருகுறிச்சியில் அகலவாய்ப் பானைகளைத் தனித்தனியாகச் செய்யச் சொல்லலாம். துளைகளைப் பச்சை மண்ணிலேயே போடச் சொல்லுங்கள். சுட்டபின் துளைத்தால் விரிசல் விடலாம்.

சுழலும் டிரம் கடையில் ஒரு விரலுக்கே சுற்றும். பாதி நிறைந்தால் கழிவு கட்டிதட்டி ஒரு பக்கமாய்ச் சாயும். புரட்ட மணிக்கட்டும் தோளும் வேண்டும். கழிவைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பொகாஷி வாளி சமையலறையிலேயே அடங்கும். இரண்டு வாரம் புளித்ததும் மண்ணில் புதைக்க வேண்டுமே, குழி யார் தோண்டுவது?

எங்கள் ஓட்டு 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்றுக்கு. பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் 8 மி.மீ. துளைகள், அடியில் ஐந்து. சாரல் படாத புறவாசலில் முழங்கால் உயரத் திண்டில் வைத்தால் வாளியின் வாய் இடுப்புக்கு வரும். அப்புறம் நகர்த்தவே வேண்டாம். அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய்மட்டைத் துண்டுகள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் காய்ந்த தேங்காய் நார்த்தூள். முதல் நாள் ஒரு கை பழைய உரம், கிடைக்காவிட்டால் கொஞ்சம் புளித்த மோர். ஒன்று நிறைந்ததும் அடுத்ததில் போடுங்கள். நிறைந்த வாளியை இரண்டு மாதம் சும்மா விட்டு, கரண்டியால் அள்ளிச் செடிக்குப் போடலாம். வாளியைத் தூக்கும் வேலையே இல்லை.

நார்த்தூளை உதிரியாக, சின்னப் பைகளில் வாங்குங்கள். அழுத்திக் கட்டிய 5 கிலோ நார்த்தூள் கட்டியைத் தூக்கி உடைப்பது பெரும்பாடு. ஊறவைத்து உதிர்த்தாலோ கழிவின் ஈரத்தை அது உறிஞ்சாது.

கிளற வேண்டாம். வாரம் ஒருமுறை இரண்டடிக் கம்பால் ஐந்தாறு இடத்தில் குத்திவிட்டால் காற்று போகும். ஈரம் பார்க்க உரத்தைப் பிழியச் சொல்வார்கள். விரல் மடங்காதவருக்கு அதே கம்பு போதும். சேறு அப்பி வந்தால் நார்த்தூள் கூட்டுங்கள், தூசியாய் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஆடிக்காற்றில் துளை வழியே சீக்கிரம் காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் நேர்மாறு.

அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் மீந்த சொதியையோ குழம்பையோ யாராவது ஊற்றியிருப்பார்கள். நெளியும் கொழுத்த புழுக்களுக்குப் பயப்பட வேண்டாம், அவை கழிவைத் தின்று வேலையைக் குறைக்கும். மீன் கழிவு மட்டும் கூடவே கூடாது: அந்த வாடைக்கு வரும் எலி, துளையைக் கடித்துப் பெரிதாக்கிவிடும்.