நட்சத்திரம் குறைந்த கார்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கார்களின் பாதுகாப்பை ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு 2019-இல் ஹோண்டா அமேஸ் காரை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்காக அதற்கு நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. அதே தலைமுறை அமேஸ் 2024 ஏப்ரலில் மீண்டும் சோதிக்கப்பட்டு இரண்டு நட்சத்திரங்களுக்கு இறங்கியது. குழந்தைகளின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. நான்கு நட்சத்திரத்தை நம்பிப் பணம் கட்டி, இன்னமும் மாதத் தவணை செலுத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மாருதி ஸ்விஃப்ட் 2018-இல் இரண்டு நட்சத்திரம், 2022-இல் ஒன்று. வேகன் ஆர் 2019-இல் இரண்டு, 2023-இல் ஒன்று. இப்படிப்பட்ட முடிவு வெளிவந்ததும், சோதனையே பொய் என்று சிலர் கோபப்படுகிறார்கள், சிலர் அன்றைக்கே வண்டியை விற்பதற்கு விலை விசாரிக்கிறார்கள், சிலர் பம்பருக்கு முன்னால் கம்பி கட்டிக்கொண்டு ஆறுதல் அடைகிறார்கள். இவற்றுள் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வதற்கு முன், நட்சத்திரம் எதனால் குறைந்தது என்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரே எண்ணிக்கையில் நட்சத்திரம் வாங்கிய இரண்டு கார்கள் வெவ்வேறு காரணங்களால் அதை வாங்கியிருக்கலாம். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அந்தக் காரணம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமேஸுக்குப் பக்கத்தில் ஹூண்டாய் வெர்னாவை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2024 சோதனையில் அமேஸ், பெரியவர்களின் பாதுகாப்பில் 34-க்கு 27.85 மதிப்பெண் பெற்றது. 2023 அக்டோபரில் வெர்னா பெற்றது 28.18. மதிப்பெண்ணில் உள்ள வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம், மற்றதற்கு ஐந்து. 2022 ஜூலையில் விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு, மோதலில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், வண்டி சறுக்கும்போது தானாகவே சக்கரங்களுக்கு பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்கும் ஏற்பாடு, சீட் பெல்ட் எச்சரிக்கை மணி போன்றவை விதிப்படி இல்லாவிட்டால் நட்சத்திரம் ஒரு வரம்பைத் தாண்டாது. அமேஸ் சிக்கிக்கொண்டது அந்த வரம்பில்தான். அதே சமயம், மோதலுக்குப் பிறகு அமேஸின் பாடி ஷெல், அதாவது பயணிகளைச் சுற்றியுள்ள இரும்புக் கூடு, நிலையானது என்று மதிப்பிடப்பட்டது. ஐந்து நட்சத்திரம் பெற்ற வெர்னாவின் கூடு நிலையற்றது என்று மதிப்பிடப்பட்டது.

கூடு நிலையற்றது என்றால் அதன் பொருள் என்ன? மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் 40 சதவீதப் பகுதி மட்டும் நசுங்கும் தடுப்பில் இடிக்கும்படி காரை மோதவிடுகிறார்கள். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூண் எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டது, கதவுச் சட்டம் வளைந்ததா, ஓட்டுநர் கால் வைக்கும் இடம் கிழிந்ததா என்றெல்லாம் பார்த்து, அந்தக் கூடு இதைவிடக் கூடுதலான அடியைத் தாங்குமா என்று மதிப்பிடுகிறார்கள். நிலையற்றது என்று எழுதப்பட்டிருந்தால், 64 கிலோமீட்டர் வேகத்திலேயே அது தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், 80 கிலோமீட்டரில் அது 64-இல் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. நான்கு வழிச்சாலையில் 80 என்பது நிதானமான வேகம் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

ஆகவே இவ்விரண்டில் அமேஸ்தான் மேல் என்று சொல்ல வருகிறேனா என்றால், இல்லை. புதிதாக வாங்குபவர் கேட்டால் வெர்னாவையே சொல்வேன். விபத்து நேராமலே தடுக்கக்கூடிய சாதனமும் ஆறு ஏர்பேக்குகளும் கூட்டின் குறையைவிடக் கனமானவை, குழந்தைகளின் பாதுகாப்பிலும் அது 49-க்கு 42 பெற்றிருக்கிறது. ஆனால் அமேஸை ஏற்கெனவே வைத்திருப்பவர் பதறிப்போய் நஷ்டத்துக்கு விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கவலையோடு பார்க்க வேண்டிய எண், குழந்தைகளின் பாதுகாப்பில் கிடைத்த 8.58. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த எண்ணுக்கு முன்னால் மற்றவை பின்னுக்குப் போய்விடும்.

கூட்டின் முக்கியத்துவத்தை நமக்கு முதலில் காட்டியது 2014 ஜனவரியில் வந்த முடிவுகள். அப்போது ஏர்பேக் இல்லாத ஐந்து கார்கள் சோதிக்கப்பட்டன: ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஐந்துக்கும் பூஜ்யம். செய்தியைப் படித்தவர்களுக்கு ஐந்தும் ஒன்றுபோலத் தோன்றின. உண்மையில் ஃபிகோ, போலோ இரண்டின் கூடும் நின்றது. மற்ற மூன்றின் கூடும் வெவ்வேறு அளவில் நொறுங்கின. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவை மறுபடி மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. கூடு நொறுங்கும் வண்டியில் அதே இரண்டு பைகளை வைத்தால் அதே பலன் கிடைக்காது. ஸ்டியரிங்கும் தூணும் நெஞ்சை நோக்கி வரும்போது, விரிந்த பைக்கு வேலை செய்ய இடமிருக்காது.

இதே பாடத்தை 2023-இல் ஒரே நிறுவனத்தின் இரண்டு சிறிய கார்களிலும் பார்க்கலாம். ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரம், கூடு நிலையானது. வேகன் ஆர் ஒரு நட்சத்திரம், கூடு நிலையற்றது. குழந்தைகளின் பாதுகாப்பில் இரண்டுக்கும் பூஜ்யம். பெரிய காராகவும் உயரமான காராகவும் இருப்பதால் வேகன் ஆர்தான் பாதுகாப்பானது என்று கருதி, ஆல்டோவிலிருந்து அதற்கு மாறியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அளவும் எடையும் கண்ணுக்குத் தெரியும், கூட்டின் வலிமை தெரியாது. பானெட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதும் கதவைச் சாத்திச் சத்தம் கேட்பதும் எதையும் சொல்லாது. கனமான வண்டி என்று பெயரெடுத்த ஸ்கார்பியோ, 2016-இல் ஏர்பேக் இல்லாத வடிவத்தில் பூஜ்யம் வாங்கியது. பொலேரோ நியோ 2024-இல் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது.

இனி உரிமையாளர் முன்னுள்ள வழிகளுக்கு வருகிறேன். முதல் வழி, விற்றுவிட்டு நல்ல மதிப்பீடு உள்ள ஒன்றை வாங்குவது. இன்று இதற்கு வாய்ப்புகள் கூடியிருக்கின்றன. 2018 டிசம்பரில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றபோது இந்தியாவில் அந்த இடத்தில் வேறு கார் இல்லை. 2021-இல் பஞ்ச் பெற்றது. 2024 நவம்பரில் புதிய டிசையர், 34-க்கு 31.24 மதிப்பெண்ணுடன் அந்த நிலையை எட்டிய முதல் மாருதியானது. பழைய கார் சந்தையில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த நட்சத்திரம் எந்த ஆண்டின் விதிப்படி கிடைத்தது என்பது. பெரியவர்களின் மதிப்பெண் 17-க்குச் சொல்லப்பட்டிருந்தால் அது பழைய விதி, 34-க்குச் சொல்லப்பட்டிருந்தால் 2022-க்குப் பிந்தைய விதி, 32-க்குச் சொல்லப்பட்டிருந்தால் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள, இந்திய அரசின் சொந்த மதிப்பீடான பாரத் என்கேப். பழைய நான்கையும் புதிய நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. பாரத் என்கேப்புக்கு வண்டியைக் கொடுப்பது கட்டாயமல்ல. நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுப்பவையே அதிகம் சோதிக்கப்படுவதால், அந்தப் பட்டியலில் ஒரு கார் இல்லாமல் இருப்பதையும் ஒரு தகவலாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது வழி, இருக்கும் வண்டியிலேயே எதையாவது சேர்ப்பது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஏர்பேக்கை வெளிக் கடையில் கொடுத்துப் பொருத்த முடியாது; அதன் உணரிகளும் சீட் பெல்ட்டும் ஸ்டியரிங்கும் ஒன்றாகக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டவை. முன்பக்கக் கம்பித் தடுப்பு, மோதலின் விசையை நசுங்கும் பகுதியை விட்டு நேராகச் சட்டத்துக்குக் கடத்தி, ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பிவிடக்கூடியது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை நிறுத்தும் சிறு கொக்கிகளை விற்ற ஐந்து இணைய விற்பனைத் தளங்களின் மீது 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டியல்களை நீக்க வைத்தது. ஒரு காரின் மதிப்பை நம் கையாலேயே பூஜ்யமாக்கும் பொருள் அது.

மூன்றாவது வழி, வண்டியை வைத்துக்கொண்டு அதில் ஏற்கெனவே உள்ளதை முழுமையாகப் பயன்படுத்துவது. விற்க வசதியில்லாதவர்களின் கடைசிப் புகலிடமாக இதைப் பலர் நினைக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோதல் சோதனையில் பெரியவர்களின் மதிப்பெண் பெரும்பாலும் முன் இருக்கைகளில் பெல்ட் போட்டு அமர்ந்திருக்கும் பொம்மைகளிலிருந்து வருகிறது. பின்னால் இருப்பவை ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள், அவையும் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டவை. பின்னால் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எந்தக் காரும் நட்சத்திரம் கொடுத்ததில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், வண்டி விலையுயர்ந்த சொகுசு வண்டி. முன்னால் இருந்த இருவர் உயிர் பிழைத்தார்கள், பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள்.

எங்கள் வீட்டுக் காருக்கு வந்த முடிவும் மோசமானதுதான்: கூடு நிலையற்றது. அதைப் படித்த அன்று மாலை, பின் இருக்கையின் பெல்ட்டுகளைத் தேடினேன். வண்டி வாங்கிய வாரத்தில் ஒரு கடையில் போட்ட ரெக்சின் உறைக்கு அடியில் பூட்டுகள் இரண்டும் திணிக்கப்பட்டுக் கிடந்தன. நிறுவனம் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. ஏழு வருடமாக என் மாமியாரும் பிள்ளைகளும் அதன்மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். பிளேடால் உறையில் இரண்டு கீறல் போட்டு, பூட்டுகளை மேலே இழுத்து, தையல் பிரியாமல் ஓரத்தை மடித்து ஒட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டுமே இருந்தது. அங்கே இனி யாரும் உட்காருவதில்லை. “பின்னாடி இருக்கறவங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்?” என்று அத்தை முதல் நாள் கேட்டார்கள். தோள்பட்டையில் உறுத்துகிறது என்றார்கள். பட்டை கழுத்தில் படாமல் தோளின் நடுவில் வரும்படி அவர்களைக் கதவுப் பக்கம் சற்று நகர்ந்து உட்காரச் சொன்னபின் அந்தப் புகார் நின்றது.

அடுத்தது குழந்தை இருக்கை. குழந்தை இருக்கையை நேராகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் காரில் இருந்தால் அதிலும், இல்லையென்றால் மூன்றுமுனை பெல்ட்டாலும் பொருத்தும் இருக்கைகள் கிடைக்கின்றன. ஏஐஎஸ்-072 அல்லது ஆர்44, ஆர்129 தரக் குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். கைக்குழந்தைகள் பின்னோக்கிப் பார்த்தபடி அமர வேண்டும். அந்த இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தைகளின் பாதுகாப்பில் 49-க்கு மூன்றோ எட்டோ வாங்கிய கார்களில் குறையின் ஒரு பங்கு இத்தகைய பொருத்தும் ஏற்பாடுகளைச் சேர்ந்தது என்பதால், ஓரளவேனும் உரிமையாளர் கையால் ஈடுசெய்யக்கூடிய பகுதி இது. மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 50 கிலோமீட்டர் வேக மோதலில் பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் கிடையாது.

இவ்வளவு செய்தாலும் நிலையற்ற கூடு நிலையானதாகிவிடாது. ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. நட்சத்திரம் குறைந்தது, கூடு நிலையானது, வீட்டில் எல்லோரும் பெல்ட் போடுகிறவர்கள் என்றால் வண்டியை வைத்துக்கொள்ளலாம். தவணை முடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. கூடு நிலையற்றது, ஆனால் ஊருக்குள் 40 கிலோமீட்டருக்குள்தான் ஓட்டம் என்றால், அவசரமில்லாமல் நல்ல விலைக்குக் காத்திருந்து மாற்றலாம். கூடு நிலையற்றது, வாரந்தோறும் நெடுஞ்சாலைப் பயணம், பின்னால் குழந்தைகள் என்றால், ஏசி, பெரிய திரை, சன்ரூஃப் எதையும் பார்க்காமல், நிலையான கூடும் ஆறு ஏர்பேக்கும் உள்ள காரின் அடிப்படை மாடலுக்காவது மாறுவதையே சொல்வேன். ஒரே விலையில் சிறிய காரின் உச்ச மாடலும் வலுவான காரின் அடிப்படை மாடலும் கிடைக்கும்போது, நம்மில் பலர் முதலாவதைத்தான் எடுக்கிறோம். நானும் ஏழு வருடத்துக்கு முன் அதையேதான் எடுத்தேன்.

இப்போது எங்கள் கார் மதுரைக்குள் மட்டும் ஓடுகிறது. திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தால் ரயிலுக்குப் பதிவு செய்கிறோம். தவணை மாசியில் முடிகிறது. பங்குனியில் மாற்றுவதாக இருக்கிறோம், பார்க்கப் போகும் மூன்று கார்களின் சோதனை அறிக்கைகளை அச்செடுத்து, கூட்டைப் பற்றிய வரியின் கீழ் கோடிட்டு வைத்திருக்கிறேன்.