ஸ்கர்ட் சேர்த்துத் தைத்த லெக்கிங்ஸ்: ஆறு மாதம் ஓடிப் பார்த்த பிறகு

ஓடுவதற்கு எதைப் போடுவது என்பது எனக்கு வெகுநாள் தொந்தரவு. தளர்ந்த பேன்ட் போட்டால் நான்காவது கிலோமீட்டருக்குள் தொடை உரசிச் சிவந்துவிடும். வெறும் லெக்கிங்ஸ் போட்டால் உரசல் இல்லை, ஆனால் ஓடுகிற நேரம் முழுக்க டி-ஷர்ட்டைப் பின்பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பேன். ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஓடுவது என் பழக்கம். பத்து 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் முடிவதற்குள் கை ஐந்து தடவை சட்டைக்குப் போய்விடும். ஜெபத்தில் மனம் எங்கே நிற்கும்?

அதனால்தான் இதை வாங்கினேன். உள்ளே கணுக்கால் வரை லெக்கிங்ஸ், மேலே பாதித் தொடை வரை இறங்கும் மெல்லிய ஸ்கர்ட், இரண்டும் ஒரே இடுப்புப்பட்டியில் தைத்தது. முதலில் வந்த வெளிர் சாம்பல் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டேன். நின்றால் கெட்டியாகத் தெரிந்த துணி, முட்டி மடக்கி உட்கார்ந்ததும் விரிந்து உள்ளாடை வரை காட்டியது. கருநீலத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. வாங்குகிறவர்கள் நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்தும் பாருங்கள்.

தையல் அருமை. கால்கள் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடாதபடி ஒரு சாய்சதுரத் துண்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னத் துண்டால் துணி உடலின் மடிப்புக்குள் போய் ஒட்டுவதில்லை, உரசலும் இல்லை. அடக்கத்தையும் வசதியையும் ஒரே தையலில் முடித்திருக்கிறார்கள்.

இறுக்கமான உடை பாவமா என்று எங்கள் பங்குத்தந்தையிடம் ஒருமுறை கேட்டேன். "எதுக்கும்மா போடுறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்புறம் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்ற போதனை நூலில் 2521 முதல் 2524 வரை எண்ணிட்ட பத்திகளை வாசிக்கச் சொன்னார். எத்தனை அங்குலம், எவ்வளவு இறுக்கம் என்ற கணக்கு அங்கே இல்லை. அடக்கம் மனிதருடைய அந்தரங்க மையத்தைக் காக்கிறது, உடையைத் தேர்ந்தெடுப்பதிலும் வழிகாட்டுகிறது, அதன் வடிவங்கள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றுதான் இருக்கிறது. திருத்தந்தை (போப்) 12ஆம் பத்திநாதர் 1957இல் ஆடை வடிவமைப்பாளர்களிடம் பேசியபோது உடைக்கு மூன்று நோக்கங்கள் சொன்னார்: உடல்நலம், அடக்கம், அழகு. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆன கரோல் வொய்த்திவா 1960இல் எழுதியது எனக்கு இன்னும் உதவியது. நீந்தும் இடத்தில் நீச்சலுடை அடக்கக்கேடு ஆகாது, அதே உடையில் தெருவில் உலாவப் போவது வேறு விஷயம் என்றார் அவர். ஓட்டத்துக்கும் இதே கணக்கு. தொடை புண்ணாகாமல் இருக்க ஒட்டிய துணி தேவை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடல் தூய ஆவியின் கோவில் என்று திருத்தூதர் பவுல் விவிலியத்தில் சொன்னதை நம்புகிறவள், அந்த உடலை நன்றாக வைத்துக்கொள்ளவும் வேண்டுமே.

இனி குறைகள். கைபேசிக்கான பை லெக்கிங்ஸின் தொடைப்பக்கத்தில், ஸ்கர்ட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு அழைப்பு வந்தால் நடுத்தெருவில் ஸ்கர்ட்டைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். மறைப்பதற்காகவே வாங்கும் உடையில் இப்படி ஒரு பையை வைத்தவர் அதைப் போட்டு ஒருநாளாவது வெளியே போயிருப்பாரா என்று கோபமே வந்தது. இரண்டாவது, பாயில் படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு இது உதவாது. காலைத் தூக்கினால் ஸ்கர்ட் இடுப்பில் சுருண்டு கிடக்கும். அதற்கு நீளமான தளர்ந்த டி-ஷர்ட்டே மேல். துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், துணி வியர்வையை வாங்குவது குறைந்துவிடும்.

என் கணவரும் ஓட்டத்துக்கு ஒட்டிய கம்ப்ரஷன் ஷார்ட்ஸ் போடுகிறவர்தான். நான் இதை வாங்கிய வாரத்தில் அவராகவே அதன்மேல் ஒரு சாதாரண ஷார்ட்ஸ் போட ஆரம்பித்தார். எனக்கு அது பெரிய சந்தோஷம். அடக்கம் பற்றிய பேச்சு எப்போதும் பெண்களின் உடையிலேயே வந்து முடிகிறது, மறைக்கல்வி அப்படி ஆண், பெண் என்று பிரிக்கவில்லை.

மகள் வாலிபால் ஆடுகிறாள். "அம்மா, டீம்ல எல்லாரும் இறுக்கமான ஷார்ட்ஸ்தான் போடுறாங்க, நானும் ஸ்கர்ட் போடணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பாய்ந்து விழுந்து பந்தை எடுக்கும் விளையாட்டில் தொங்கும் துணி தொல்லைதான். களத்தை விட்டு வெளியே வந்ததும் டிராக் பேன்ட்டை ஏற்றிக்கொள் என்றேன். சரி என்றாள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் ஆடிய படத்தை அவளே தேடி எடுத்துக் காட்டினாள். உடலோடு ஒட்டிய உடைதான், ஆனால் அவர்களுக்குத் தாங்கள் போட விரும்பியதைப் போட்ட நிம்மதி இருந்தது.

ஓட்டத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஓட்டம் முடிந்து நேரே திருப்பலிக்குப் போகும் நாட்களில் நான் இதோடு உள்ளே போவதில்லை, பையில் ஒரு நீளப் பாவாடை வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டாவது ஜோடி வாங்கினேன், பை இடுப்புப்பட்டியின் பின்பக்கம் இருக்கும் மாதிரியாகப் பார்த்து. நேற்று ஜெபமாலையின் ஐந்து மறையுண்மைகளும், அதாவது ஐந்து பத்துகளும், முடிந்தன, சட்டைக்குக் கை போகவே இல்லை.