ஆன் ஆர்பரின் யுனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி: ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்த்த சபா

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஆன் ஆர்பர் நகரில் இயங்கும் யுனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டியின் நிகழ்ச்சிகளில் ஒன்றை மட்டுமே கேட்க முடியும் என்றால், டிசம்பரில் நடக்கும் ஹேண்டலின் 'மெசையா' என்ற கிறிஸ்தவக் கூட்டுப்பாடல் படைப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உலகின் பெரிய இசைக்குழுக்களெல்லாம் வந்துபோகும் மேடை இது; ஆனாலும் இதன் வேர் அந்த ஒரு படைப்பில்தான் இருக்கிறது. 1879-இல் ஊர்த் தேவாலயங்களின் பாடகர்கள் ஒன்றுகூடி அதன் கூட்டுப்பாடல்களைப் பயின்றார்கள். அந்தக் குழுவே கோரல் யூனியன் ஆனது; அதை உள்ளடக்கி 1880-இல் சொசைட்டி தொடங்கியபோது, இலத்தீன் பேராசிரியர் ஹென்றி சிம்மன்ஸ் ஃபிரீஸ் முதல் தலைவரானார். இன்றும் ஆசிரியர், மாணவர், ஊர்க்காரர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் தோளோடு தோள் நின்று பாடுவதால், வெளியூர்க் கலைஞர்களை வரவழைப்பதோடு நின்றுவிடும் சபாக்களில் காணக் கிடைக்காத ஓர் உரிமையுணர்வு இந்த அரங்கில் தெரிகிறது.

அந்த அரங்கைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஆல்பர்ட் கான் வடிவமைத்து 1913-இல் திறக்கப்பட்ட ஹில் ஆடிட்டோரியத்தில் ஏறத்தாழ 3,500 பேர் அமரலாம். மேடையிலிருந்து விரிந்து உயரும் வளைந்த சுவர்களும் கூரையும் ஒலியை மேல் பால்கனி வரை கொண்டு சேர்ப்பதால், பாடகர்கள் மிக மெல்லப் பாடும் இடங்களிலும் சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன. மேடைக்குப் பின்னே அணிவகுத்து நிற்கும், ஆர்கன் என்ற பெரிய காற்றிசைக் கருவியின் குழாய்கள் 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியிலிருந்து வந்தவை. ஆர்கனுக்கு ஃபிரீஸின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

1894 முதல் 1995 வரை சொசைட்டி நடத்திய மே விழா என்ற இசை விழா இப்போது இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 1936 முதல் 1984 வரை பிலடெல்பியா இசைக்குழு ஆண்டுதோறும் வந்து, அடுத்தடுத்த நாட்களில் அங்கே வாசித்தது. ஒரே குழுவைத் தொடர்ந்து கேட்பதால் ரசிகருக்கு உண்டாகும் பழக்கத்தை, பருவம் முழுக்கப் பரவிக் கிடக்கும் தனித்தனி நிகழ்ச்சிகள் ஈடுசெய்துவிடாது. எனினும், அமைப்பின் தரம் குறைந்துவிடவில்லை; 2014-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியக் கலைப் பதக்கம் இதற்குக் கிடைத்தது தகுதியான கௌரவமே.

டிக்கெட் வாங்கும் முன் நிகழ்ச்சி எந்த அரங்கில் என்று பார்த்துக்கொள்வது நல்லது. நால்வர் குழு வாசிக்கும் நுணுக்கமான இசைக்கு ஹில் மிகப் பெரியது. அதற்கு ராக்கம் அரங்கமே பொருத்தம். நாடகமும் நடனமும் பவர் சென்டரில் நன்றாக அமைகின்றன. 'மெசையா'வுக்கு மட்டும், விலை அதிகமான முன்வரிசைகளை விட்டுவிட்டு மேல் பால்கனியின் நடுப்பகுதியில் இடம் பிடியுங்கள். நான்கு குரல் பிரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று எழுந்து இணைவது அங்கிருந்துதான் முழுமையாகக் கேட்கும்.