ஏற்காட்டில் ‘சேலம் ஸ்டீல்’ மடக்குக் கத்தி வாங்குவோர் கவனத்துக்கு

ஏற்காட்டில் கோடைக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஏரிப் பக்கம் சாலையோரக் கடைகளில் மிளகு, காபித்தூள், தைல பாட்டில்களோடு மடக்குக் கத்திகளும் பளபளவென்று அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடையை அடையாளம் காட்டப் போவதில்லை. ஒரே சரக்குதான் பல கடைகளில் தொங்குகிறது.

“சார், இது நம்ம சேலம் உருக்காலை ஸ்டீல். டமாஸ்கஸ் வேலைப்பாடு. 440 என்று பிளேடிலேயே போட்டிருக்கிறது, பாருங்கள்” என்றார் விற்றவர். ஒரே மூச்சில் மூன்று புளுகு.

கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் உருக்காலையிலிருந்து வெளியே வருவது ஸ்டெயின்லெஸ் தகடும் சுருளும் நாணய வில்லைகளும். கத்தி அல்ல. சேலத்துத் தகடு என்றால் பாத்திரக் கடையில் மதிப்பு உண்டு. அது நியாயமான மதிப்பு. ஆனால் பாத்திரத்துக்கு உகந்த 304 ரக எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. கத்திக்கு வேண்டியது கார்பன் கூடுதலாக உள்ள, பதம் ஏற்றக்கூடிய வேறு ரகம். காந்தத்தை வைத்துப் பாருங்கள்: பிளேடில் ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திர எஃகு, பேச்சே வேண்டாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது. என்னுடையதில் ஒட்டத்தான் செய்தது.

அடுத்து அந்த 440. இது கத்தி எஃகின் ரக எண், இதற்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வர வேண்டும். 440ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 வரை. எழுத்து இல்லாத வெறும் 440 என்றால், மிஞ்சிப் போனால் மலிவான ஏ ரகம் என்றே கொள்ளுங்கள். அதுகூட மெய்யாக இருந்தால்தான். எண்ணைப் பொறிக்க ஒரு இயந்திரம் போதும். எஃகுக்குப் பதம் ஏற்ற உலையும் ஆளும் நேரமும் வேண்டும். மலிவுக் கத்தியில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான், கண்ணுக்குத் தெரியாத இடம்.

கத்தியை வாங்கியது என் மாமாவுக்காக. மலையில் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கிறார். கையில் வாங்கியவர், “பிடி நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை, மற்றதைப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, அரிவாள் தீட்டும் அரத்தை எடுத்துவந்து பிளேடின் முதுகில் லேசாக இழுத்தார். நன்றாகப் பதம் ஏறிய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் கடித்துப் பிடித்தது. வெள்ளையாக ஒரு கீறல், விரலில் ஒட்டிய இரும்புத் தூள். கடையில் நின்று அரம் போட்டுப் பார்க்க எவரும் விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

டமாஸ்கஸ் என்ற அலை வரிகள் அச்சுக் கோலம்தான். இன்றைய உண்மையான டமாஸ்கஸ் வேலைப்பாட்டில் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். வரி பிளேடின் முதுகிலும் ஓடும், தீட்டிய சரிவிலும் தொடரும். இதில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே வரி, முதுகு மொட்டை. உப்புத்தாள் தேய்த்ததும் வரி போன இடம் தெரியவில்லை. டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்த உருக்கே தென்னிந்தியாவில் காய்ச்சியது, சேலம் வட்டாரமும் அதற்குப் பேர் போனது. அந்த ஊர்க்காரனிடமே இதை விற்கிறார்கள்!

இதுவரை சொன்னது பண நஷ்டம். விரலுக்கு வந்த நஷ்டத்துக்குக் காரணம் கத்தியின் பூட்டு. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு நாக்கு, பிளேடு விரிந்ததும் அதன் அடியில் வந்து முட்டுக்கொடுக்க வேண்டும். இதில் அந்த நாக்கு பிளேடின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. மூட்டை கட்டிய நைலான் கயிற்றில் மாமா குத்தி இழுத்தார். நாக்கு நழுவியது, பிளேடு மடங்கி அவருடைய ஆட்காட்டி விரலில் இறங்கியது. தையல் போட வேண்டியதாயிற்று.

கத்தியோடு கடைக்குப் போனேன். “மடக்குக் கத்தியில் கயிறு அறுப்பார்களா சார்?” என்று கேட்டார். வேறெதற்கு, ஜவ்வு மிட்டாய் வெட்டவா? பில் கேட்டபோது தரவில்லை, இப்போது பில் இல்லாமல் மாற்ற முடியாதாம். பில் தராத கடையில் வாங்காதீர்கள். பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலாவது முறையிடலாம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், விரித்து முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள், ஆடக் கூடாது. பிளேடு மடங்கும் வழியில் விரல் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதன் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்துங்கள். நாக்கு அசையவே கூடாது. மடக்கினால் முனை பிடிக்கு வெளியே நீட்டக் கூடாது. இந்த மூன்றிலும் தேறினால் வேலைப்பாடு, எண், உறை எதையும் பார்க்க வேண்டியதில்லை.

எஃகின் கடினம் 60 என்று பெருமையடிப்பவர்களையும் நம்ப வேண்டாம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிறு கத்திகள், கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55, 56-தான். அவற்றின் மதிப்பு சீரான பதத்தில் இருக்கிறது. பூட்டு வேண்டும் என்றால் பிரான்சின் ஓப்பினெல் இருக்கிறது. மரப் பிடி, திருகிப் பூட்டும் வளையம், அவ்வளவுதான். 1955-இல் வந்த அந்த வளையம், 2000 முதல் மடக்கிய நிலையிலும் பூட்டுகிறது. அதில் கார்பன் எஃகு ரகத்தை வாங்கினால் எலுமிச்சை நறுக்கியதும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லையேல் துரு ஏறும்.

போன வாரம் அதே கடையில் புதுச் சரக்கு பார்த்தேன். இப்போது பிளேடில் டி2 என்று வேறொரு எஃகு ரகத்தின் பெயரைப் பொறித்து, கீழே ‘துருவே பிடிக்காது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான டி2-வில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், அதில் கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்துவிடுவதால் ஈரத்தில் விட்டால் அதுவும் துருப்பிடிக்கும்.