ஓபிடி ஸ்கேனர் செருகி ஏற்காடு ஏறினால்: மைலேஜ் விஷயத்தில் எதை நம்பலாம்?

ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் கருவி) இப்போது பலர் மைலேஜ் பார்ப்பதற்காகவே வாங்குகிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப் போட்டால் போதும். 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் என்றால் அநேகமாக ஒத்துக்கொள்ளும். ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் வைஃபை மாடலோ புளூடூத் 4.0 மாடலோ கேட்டு வாங்க வேண்டும். பழைய புளூடூத் அதோடு சேராது.

செருகியதும் ஒரு சோதனை. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், மேனிஃபோல்டு பிரஷரை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம்) பாருங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் 98 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். மேலே ஏற்காட்டில் அதுவே 85 பக்கம் இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே எண் என்றால் ஸ்கேனரோ ஆப்போ கதை விடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் குறைந்த காற்றால்தான் மேலே போகப்போக வண்டி இழுவை குறைந்தது போலத் தெரிகிறது, கால் தானாக ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறது.

பெட்ரோல் அளவைக் காட்டும் பகுதியைத் திறக்காமலே விட்டுவிடலாம். பல கார்கள் அந்தத் தகவலை அனுப்புவதே இல்லை. அனுப்பினாலும் அது டேங்குக்குள் இருக்கும் அதே மிதவை சொல்வதுதான். மலைச் சரிவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் முள் ஆடுவது போல இந்த எண்ணும் ஆடும். "முதல் அரை டேங்க் நல்லா ஓடுது, அடுத்த அரை சீக்கிரம் தீருது" என்ற புலம்பலுக்கும் காரணம் இதுதான். ஃபுல் கோட்டுக்கு மேலேயும் பெட்ரோல் நிற்கிறது. அது தீரும்வரை முள் அசையாது. மைலேஜ் மாறவில்லை, முள்தான் தாமதமாக எழுந்திருக்கிறது.

பாரம் குறையட்டும் என்று அரை டேங்கோடு மலை ஏறுகிறவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள காரை ஏறத்தாழ 1,200 மீட்டர் தூக்க, உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டர் பக்கம் பெட்ரோல் எரியும். 35 லிட்டர் டேங்கில் பாதியைக் காலியாக விட்டால் குறைவது 13 கிலோ. மிச்சமாவது 20 மில்லி, டீ கிளாஸில் கால்வாசி. அதற்காக ரிசர்வில் ஏறினால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சலாம், வண்டி திக்கலாம். டேங்குக்குள் இருக்கும் பம்புக்குச் சூட்டைத் தணிப்பதும் அதே பெட்ரோல்தான். அடிவாரம் தாண்டும்போது கால் டேங்காவது இருக்கட்டும்.

ஸ்கேனர் காசுக்குத் தகுந்த வேலை செய்வது ஏற்றத்தில். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் த்ராட்டில் சதவீதத்தையும் (காற்று வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது) ஆர்பிஎம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் (ஓட்டுகிறவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர்) தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் திணறவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) காற்று-பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கிப் பெட்ரோலைக் கொட்டும். இரண்டாவதுக்கு இறக்கி 2,500-இல் பாதி த்ராட்டிலோடு போனால் சத்தம் கூடும், செலவு குறையும். நிறைய பேர் சத்தத்துக்குப் பயந்தே பெட்ரோலை வீணாக்குகிறார்கள்.

இறக்கத்தில் கதை தலைகீழ். கியரில் போட்டுக் காலை எடுத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூடிக்கொள்கிறது, பெட்ரோல் செலவு பூஜ்யம். ஆனால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாத சின்ன கார்களில் ஆப் மேனிஃபோல்டு பிரஷரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இன்ஜெக்டர் மூடியது அதற்குத் தெரியாது, எரிவதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நியூட்ரலில் போடுவதுதான் பெரிய அபாயம். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓடி மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். சேலம்-தருமபுரி சாலையில் உள்ள தொப்பூர் இறக்கத்துக்கும் இதே பாடம்தான்.

சமதளத்தில் சொல்ல அதிகமில்லை. கோவை ரோட்டில் 80-இல் போகிற வண்டி 100-க்கு ஏறினால் காற்று எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். லிட்டருக்கு இத்தனை என்ற எண் அப்போதே சரியும்.

ஆப்பில் இன்ஜின் சிசியைச் சரியாகக் கொடுத்த பிறகும் மைலேஜ் பத்து சதவீதம் தள்ளியே நிற்கலாம். சரிசெய்ய, ஒரே பங்க்கில் ஒரே பம்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, முக்கால் டேங்க் ஓட்டி, மறுபடி அங்கேயே நிரப்புங்கள். ஆப் 20 லிட்டர் என்று சொல்லி பங்க்கில் 22 பிடித்தால் ஆப்பில் உள்ள பெட்ரோல் கணக்குத் திருத்தத்தைப் பத்து சதவீதம் ஏற்றுங்கள். ஐந்து லிட்டர் ஓட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள். ஆட்டோ கட் அரை லிட்டர் முன்பின் ஆனாலே பத்து சதவீதம் போய்விடும். மலைப் பயணமும் இந்தக் கணக்கில் வேண்டாம், இறக்கத்துப் பொய் உள்ளே புகுந்துவிடும்.

வண்டியை நிறுத்தியதும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் அந்த சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் நிற்பதில்லை. ரெண்டு வாரம் ஓடாமல் நின்றால் பழைய பேட்டரி இறங்கிவிடும். முழங்கால் இடிக்கிற இடத்தில் சாக்கெட் இருந்தால் ஒரு அடி நீட்டிப்பு ஒயரையும் சேர்த்து வாங்குங்கள்.