டோக்கின் கொல்ஃப் கையேடு: 1994ஆ, 1996ஆ, புதிய ஐந்து தொகுதிகளா?

டுபாயில் கொல்ஃப் மைதானத்தில் என்னோடு புல் வெட்டிய கல்முனைத் தம்பி ஒருவர் போன கிழமை அழைத்து, "அண்ணன், டோக் புத்தகத்தில எந்தப் பதிப்ப வாங்குற?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைத் தேடுகிற வேறு யாரும் இருந்தால் உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

டொம் டோக் அமெரிக்கர், கொல்ஃப் மைதானம் வடிவமைப்பவர். படிப்பு முடிந்த கையோடு பிரிட்டனுக்குப் போய், அங்குள்ள மைதானங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தவர். எங்கே போய் விளையாடலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1988இல் தன் குறிப்புகளைப் போட்டோகொப்பி எடுத்து 40 பிரதி கொடுத்தார். அதுதான் 'கொன்ஃபிடென்ஷியல் கைட் டு கொல்ஃப் கோர்ஸஸ்' என்ற புத்தகத்தின் தொடக்கம். ஒவ்வொரு மைதானத்துக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. சாதாரண மைதானத்துக்கு 3தான், 5 கிடைத்தாலே நல்லது என்று அர்த்தம், 10 என்றால் ஒரு குழியைக்கூட ஆடாமல் விடக்கூடாது. காசைக் கொட்டி நிலத்தைக் கெடுத்து, கட்டாமலே விட்டிருக்கலாம் என்று அவர் நினைக்கிற இடத்துக்கு 0. விளம்பரக் காசில் ஓடும் சஞ்சிகைகளில் இப்படி ஒரு பேச்சைப் பார்க்க முடியாது.

அந்த 40 பிரதிகளை மறந்துவிடுங்கள், அவை வைத்திருப்பவர்களிடமே இருக்கும். வாங்கக்கூடியவை மூன்று: 1994இல் 1,000 பிரதி மட்டும் அச்சான பதிப்பு, 1996இல் ஸ்லீப்பிங் பெயார் பிரஸ் வெளியிட்ட கெட்டி அட்டைப் பதிப்பு, 2014இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக வந்த புதியது.

1994ஐ ஒரு தடவைதான் கையில் எடுத்துப் பார்த்தேன், நாங்கள் வேலை செய்த மைதானத்து அங்கத்தவர் ஒருவருடையது. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் அதற்கு 1996ஐவிடப் பல மடங்கு விலை. வாசிக்கப் போகிறவருக்கு அந்த வித்தியாசத்தால் கிடைப்பது எதுவும் இல்லை, அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையைத் திருத்தலாம்.

உண்மையான போட்டி 1996க்கும் புதியதற்கும்தான்.

1996 ஒரே மனிதனின் குரல். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து, பேர் வாங்கிக் கொடுத்த பசிஃபிக் டியூன்ஸ் மைதானம் திறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. தொழிலில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த ஒருவர், பெரிய தலைகள் கட்டிய மைதானங்களை இப்படிப் பேர் சொல்லிக் குறை எழுதியது சின்ன விசயமில்லை. நான் அதை முதலில் வாசித்தது ஊழியர் விடுதிக் கட்டிலில், அகராதி பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதுவரை எனக்கு நல்ல மைதானம் என்றால் பச்சை, அவ்வளவுதான். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டுகிறவனுக்கு வேறென்ன தெரியும்? அந்தப் புத்தகம்தான் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும், பந்து தரையில் விழுந்த பிறகு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்கச் சொல்லித் தந்தது. ஸ்கொட்லாந்தின் பழைய லிங்ஸ் மைதானங்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே விவசாயத்துக்கு உதவாத மணல் திட்டில் அமைந்தவை என்று வாசித்ததும் எனக்கு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எங்கள் எழுவான்கரைதான் கண்ணுக்குள் வந்தது. மார்கழி மழை அடித்து ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் கல்லடி மணலில் கால் நனையாமல் நடக்கலாம், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். மணல் தண்ணீரை விடும், அதனால் தரை இறுகி இருக்கும், பந்து ஓடும். சிறு வயதிலிருந்து நடந்த மணலுக்கு இப்படி ஒரு பெறுமதி இருப்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

புதிய தொகுதிகளில் டோக்கோடு ரான் மொரிசெட், மசா நிஷிஜிமா, டேரியஸ் ஒலிவர் மூன்று பேரும் சேர்கிறார்கள். போய்ப் பார்த்த ஒவ்வொருவரும் தன் புள்ளியைத் தனியாகப் போடுகிறார், ஒரே மைதானத்துக்கு நாலு எண்கூட இருக்கலாம். பெரிய ஆளான பிறகு டோக்கின் நாக்கு மழுங்கியிருக்கும் என்று பயந்துதான் பிரிட்டன், அயர்லாந்து பற்றிய முதல் தொகுதியை வாங்கினேன். மழுங்கவில்லை. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸில் 2008இல் திறந்த 'காசில் கோர்ஸ்' என்ற மைதானத்துக்கு 0 போட்டிருக்கிறார், அதே ஊரின் ஓல்ட் கோர்ஸ் அவருக்கு 10. ஆனால் நாலு எண் வரிசையாக நிற்கும்போது ஒரு ஆளோடு உட்கார்ந்து வாதாடுகிற அந்தச் சூடு குறைகிறது. பயணம் போகிறவருக்கு அது நல்லதுதான், நால்வரில் தன் ரசனைக்குக் கிட்டே வருபவரைப் பிடித்துக்கொள்ளலாம், தகவலும் புதிது. ஐந்தையும் சேர்ப்பது என்றால் அனுப்பல் செலவே புத்தக விலையை எட்டிப் பிடிக்கும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது, ஈரம். என் 1996 பிரதியை விற்றவர் பொலித்தீன் சுற்றாமல் அனுப்பி, கார்த்திகை மழையில் ஒரு மூலை நனைந்து வந்து சேர்ந்தது. படங்கள் உள்ள வழவழப்பான தாள் நனைந்தபடி காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் எழுத்து கையோடு வரும். அன்றிரவே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் தாள் வைத்து மின்விசிறிக்குக் கீழே விரித்ததால்தான் பிழைத்தது. விற்பவரிடம் இரட்டைப் பொலித்தீன் கேளுங்கள், முடிந்தால் மாசிக்குப் பிறகு வரவழையுங்கள். வெளி உறை இருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டிய பிரதி வேண்டாம், அந்தப் பசை கொஞ்சக் காலத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். வீட்டில் சுவரோடு ஒட்டாத அலுமாரி, அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு தரம் கறையான் பார்ப்பது, இவ்வளவும் கட்டாயம்.

தம்பிக்கு 1996ஐத்தான் சொன்னேன். லண்டனில் இருக்கிற மகனிடம் அடுத்த வருடம் போகப் போகிறாராம், அதனால் என்னுடைய பிரிட்டன் தொகுதியைக் கொண்டு போகட்டும். திருப்பித் தரும்போது ஓல்ட் கோர்ஸ் பக்கத்தில் தன்னுடைய எண்ணையும் பென்சிலால் எழுதிவிட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.