வண்டிப்பெரியாறு தன்னார்வ வழிகாட்டித் திட்டம்: பிள்ளையைச் சேர்த்த ஓர் அத்தையின் மதிப்பீடு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாறு வட்டாரத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நடக்கும் தன்னார்வ வழிகாட்டித் திட்டம் ஒன்றில் என் அண்ணன் மகன் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாகிறது. தங்கள் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பீருமேடு வட்டத்தில் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்ட தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. அப்பா அம்மா இருவரும் விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போய்விடும் வீடுகளில், ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் சுருண்டு படுத்துக் கிடந்தாலும் அதைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. என் அண்ணன் இறந்த பிறகு எங்கள் பையன் அப்படித்தான் கிடந்தான். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் அவன் தோளைத் தொட்டு, "இனி குடும்பத்த நீதாம்ப்பா தாங்கணும்" என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவனுக்கு வழிகாட்டியாக வந்தவர் மின்வாரியத்தில் வேலை செய்யும் தமிழ் இளைஞர். வாரம் ஒரு நாள், கிராம நூலகத்தின் திண்ணையில் இருவரும் சந்திப்பார்கள். முதல் சில மாதங்கள் கேரம் விளையாடியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அறிவுரை என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. மழை கொட்டிய நாட்களிலும் சொன்ன நேரத்துக்கு வந்து, அவன் பேசாவிட்டாலும் கூடவே உட்கார்ந்திருந்தார். இந்தச் சேவையின் ஆகப் பெரிய பலம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நாள் அவனாகவே, "அண்ணா, அப்பா செத்ததுக்கு எனக்கு இன்னும் அழுகையே வரல" என்று சொன்னானாம். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினான்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்காக அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போதும் அவர் கூட இருந்தார். இடுக்கித் தோட்டங்களில் வாழும் பட்டியல் சாதித் தமிழ்க் குடும்பங்கள் 1950க்கு முன்பே இங்கு குடியேறியதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால் சாதிச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பெரும்பாடு என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தாவின் பெயரைத் தேடி, என் அண்ணியுடன் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) ஏடுகளைத் தூசி தட்டிப் புரட்டியவர் அவர்.

பாதுகாப்பு ஏற்பாடுகள் எனக்கு நிறைவளித்தன. வழிகாட்டிகளிடம் காவல்துறைச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பிள்ளையைப் பொது இடத்தில் மட்டுமே சந்திக்க அனுமதிக்கிறார்கள். பிள்ளை சொல்வதை வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும் என்பதை முதல் நாளே பிள்ளையையும் வைத்துக்கொண்டு விளக்கினார்கள்.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று மிகக் கடுமையானது. பக்கத்து லயத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு வழிகாட்டியாக வந்தவர் பணிமாற்றம் கிடைத்து இரண்டே மாதத்தில் போய்விட்டார். வேறொருவரை அமர்த்த வெகு நாளாயிற்று. அமெரிக்காவில் 1904 முதல் நடந்துவரும் இத்தகைய திட்டமொன்றைப் பற்றி 1995இல் வெளிவந்த ஆய்வு, 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரை ஆராய்ந்து, வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்திருந்ததாகச் சொன்னது. அதே தரவுகளை மேலும் ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரையோ, மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்துபோன பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடச் சரிந்ததையும், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தபோதே பலன் மிகுந்ததையும் காட்டியது. ஏற்கெனவே ஒருவரை இழந்து தவிக்கும் பிள்ளைக்கு இன்னொரு இழப்பைத் தருவதைவிட, ஓராண்டு இருக்க முடியாதவரைச் சேர்க்காமலே விடலாம்.

பெண் வழிகாட்டிகள் போதவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் மேட்டு லயங்களுக்கு ஜீப் கிடைக்காத ஊரில் இதற்கு எளிய தீர்வும் இல்லை; ஆகவே பெண்பிள்ளைகள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டும் இருப்பதை ஏற்க முடியாது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய்மார்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போடுகிறார்கள்.

இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல என்பதை அவர்களே சொல்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிப் பிள்ளை பேசினால் காத்திருக்க வேண்டாம்: 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டும் என் தங்கை மகளுக்கும் இங்கேயே பெயர் கொடுத்திருக்கிறேன். சேர்க்க நினைப்பவர்கள் சனிக்கிழமை காலையில் நூலகத்துக்கு நேரில் போங்கள்; மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய்ப் படிவத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்; வரப்போகும் வழிகாட்டி ஓராண்டு இந்த ஊரில் இருப்பாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.